பம்ப்ல ஆரம்பிச்சு வால்வ் வரைக்கும் போன கோளாறு: 15 வருஷ சின்ன கார் ஒண்ணோட முழு கேஸ்

வண்டி 2010 மாடல், 1 லிட்டர், மூணு சிலிண்டர் பெட்ரோல், எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர் பெட்ரோல் பீய்ச்சுற சிஸ்டம்). பெங்களூருக்கு பிஎஸ்4 புகை விதி வந்ததே 2010 ஏப்ரல்லதான், அந்த வருஷமே எடுத்த வண்டி. எங்க சித்தப்பாவோடது. வீடு லிங்கராஜபுரம், தினம் சிட்டி ஓட்டம், எப்பவாவது வாணியம்பாடி பக்கம் சொந்த ஊருக்கு ஒரு ட்ரிப். ஓடோமீட்டர் ஒண்ணேகால் லட்சம் தாண்டியாச்சு, 2025ல 15 வருஷம் முடியுது, ஆர்சி (வண்டி பதிவு) ரெனியூவல் பண்ணணும், அதுக்கு எஃப்சி (ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்) வேணும், எமிஷன் சர்டிஃபிகேட் வேணும், அந்த நேரத்துலதான் இந்த கோளாறு முத்திப்போச்சு.

கடைசியில எஞ்சினோட மேல் பாகமான ஹெட்டையே இறக்க வேண்டியதாச்சு. மூணாவது சிலிண்டர்ல புகைய வெளிய விடுற எக்ஸாஸ்ட் வால்வ் எரிஞ்சிருந்துச்சு. ஆனா அந்த வால்வ எரிச்ச காரணத்துல பாதி எஞ்சின்ல இல்ல, பின்னாடி பெட்ரோல் டேங்க்ல இருந்துச்சு. இத விலாவாரியா எழுதுறதுக்கு காரணமே அதுதான். பழைய வண்டின்னா பெட்ரோல் லைன் கோளாறு தனி, எஞ்சின் கோளாறு தனின்னு பிரிச்சுப் பாத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு பில் போடுறாங்க, ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு ஓடுது, பெட்ரோல் பத்தாம லீனா ஓடுறதுன்னு ஒரு விஷயம், அத யாரும் அளந்து பாக்குறதில்ல.

முதல் அறிகுறி 2024 ஆரம்பத்துல. காலையில முதல் செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகாது, ரெண்டு மூணு தடவை இழுக்கும், ஒரு தடவை ஸ்டார்ட் ஆயிட்டா அன்னைக்கு பூரா பிரச்சனை இல்ல. பேட்டரி பழசுன்னு பேட்டரி மாத்தினாங்க. கொஞ்ச மாசத்துல ஃப்ளைஓவர் ஏத்தத்துல பிக்கப் குறைய ஆரம்பிச்சுது, அதுவும் ரிசர்வ் பக்கத்துல இருக்கும்போது அதிகம், ஃபுல் டேங்க்ல கம்மி. அப்புறம்தான் பெரிய சம்பவம், ஊர்ல இருந்து திரும்பி வரும்போது கிருஷ்ணகிரி தாண்டி சூளகிரி பக்கம் ஏத்தத்துல ஆக்ஸிலேட்டர் எவ்ளோ மிதிச்சாலும் வண்டி இழுக்கல, ஜெர்க் அடிச்சு அடிச்சு 40க்கு கீழ வந்துருச்சு, பின்னாடி லாரிங்க ஹார்ன் அடிக்குது, ஓரங்கட்டி ஆஃப் பண்ணிட்டு கால் மணி நேரம் நின்னுட்டு ஸ்டார்ட் பண்ணா எதுவுமே நடக்காத மாதிரி ஓடுது. சித்தி பயந்து போயி இனிமே இந்த வண்டியில ஊருக்கு வரவே மாட்டேன்னுட்டாங்க.

இந்த ‘நிறுத்தி வெச்சா சரியாயிடுது’ன்னு வர்ற அறிகுறிய யாரும் சாதாரணமா விடக்கூடாது. டேங்க்குக்குள்ள பம்ப் அடியில ஒரு வலை இருக்கும், ஸ்ட்ரெய்னர்னு சொல்வாங்க, அதுல அழுக்கு இருந்தா பம்ப் இழுக்க இழுக்க அழுக்கு வலையில ஒட்டி அடைச்சுக்கும், ஆஃப் பண்ணா உறிஞ்சுற வேகம் நின்னு அழுக்கு உதிர்ந்து கீழ விழும், மறுபடி கொஞ்ச தூரம் ஓடும். சூடான பம்ப் மோட்டாரும் இதே மாதிரிதான் பண்ணும், ஆறினா ஓடும். டேங்க்ல இருக்குற பெட்ரோல்தான் அந்த மோட்டார குளிர வெக்குது, எப்பவும் ரிசர்வ்லயே ஓட்டினா பம்ப் சூட்டுலயே கிடக்கும். காலையில லேட் ஸ்டார்ட்டும் இதே குடும்பம்தான், பம்ப்ல ஒரு நான் ரிட்டர்ன் வால்வ் உண்டு, அது லீக் ஆனா ராத்திரியில லைன்ல இருக்குற பிரஷர் பூரா இறங்கிடும், காலையில முதல்ல இருந்து ஏத்தணும்.

ஆனா நடந்தது வேற. வீட்டுப் பக்கத்து ஒர்க்‌ஷாப்ல பிளக் மாத்தினாங்க, அப்புறம் இக்னிஷன் காயில், த்ராட்டில் பாடி கிளீனிங், கடைசியா ஆக்ஸிஜன் சென்சார். ஒவ்வொண்ணுக்கு அப்புறமும் ரெண்டு நாள் நல்லா இருக்குற மாதிரி தோணும், திரும்பவும் அதே கதை. சென்சார் மாத்தினதுக்கு அவங்க சொன்ன காரணம், ஸ்கேனர்ல லீன்னு கோட் வந்துச்சாம். லீன்னு கோட் வந்தா சென்சார் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்லங்க, சென்சார் உண்மைய சொல்லுதுன்னும் அர்த்தம் இருக்கலாம்ல. நாடித்துடிப்பு சரியில்லன்னு சொன்ன டாக்டர மாத்தின மாதிரிதான் அது. எரியுற கலவையில பெட்ரோல் கம்மி, காத்து அதிகம்னு அந்த சென்சார் மாசக்கணக்கா கத்திட்டு இருந்திருக்கு.

நான் பீன்யாவுல மெஷின் மெயின்டனன்ஸ்ல இருக்கேன், எங்க வேலையில பார்ட் கழட்டுறதுக்கு முன்னாடி ரீடிங் எடுக்கலன்னா சூப்பர்வைசர் கையெழுத்தே போட மாட்டார். அதனால சித்தப்பாகிட்ட, "இனிமே ரீடிங் இல்லாம ஒரு ஸ்க்ரூ கூட மாத்த வேணாம் சித்தப்பா"ன்னு சொல்லி அல்சூர் பக்கம் எனக்கு தெரிஞ்ச ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட வண்டிய கொண்டு போனோம். நிதானமான மனுஷன், முதல்ல கேட்டதே "ஐயா, டேங்க்ல எவ்ளோ வெச்சு ஓட்டுவீங்க?"ன்னுதான். சித்தப்பா, "அஞ்சு லிட்டர் ஆறு லிட்டர்தான் போடுவேன்பா, முள்ளு சிவப்புல தொட்டா மறுபடி போடுவேன்"னார். அண்ணன் தலையாட்டிட்டு ஸ்கேனர மாட்டினார்.

சாவி ஆன், எஞ்சின் ஆஃப், காத்தழுத்தம் அளக்குற மேப் சென்சார் ரீடிங் 91 கிலோபாஸ்கல். இத பாத்துட்டு சென்சார் தப்பா காட்டுதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, ஏன்னா புத்தகத்துல 101னு போட்டிருக்கும், அது கடல் மட்டத்துக்கு, பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்துல இருக்கு, இங்க 91தான் சரியான காத்தழுத்தம். அப்போ மேப் சென்சார் ஓகே.

அடுத்து ஃப்யூயல் ட்ரிம். எஞ்சின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர், அதாவது இசியு, தன்னோட கணக்குக்கு மேல எவ்ளோ சதவீதம் பெட்ரோல் சேத்து அடிக்குதுங்கறதுதான் இந்த ரீடிங். ஐடில்ல, அதாவது வண்டி நின்னபடி எஞ்சின் சும்மா ஓடும்போது, லாங் டேர்ம் ட்ரிம் +8 கிட்ட. லேப்டாப்ப மடியில வெச்சுட்டு லிங்கராஜபுரம் ஃப்ளைஓவர் ஏறும்போது பாத்தோம், +24 வரைக்கும் போச்சு. பொதுவா +25 பக்கத்துலதான் இசியு கைவிரிச்சிரும். இந்த பேட்டர்ன்தான் இந்த கேஸோட சாவி. இன்டேக் பக்கம் காத்து லீக்கா இருந்தா ஐடில்லதான் ஆட்டம் காட்டியிருக்கும், ஆர்பிஎம் ஏறியிருக்கும், லோடு கொடுக்க கொடுக்க அது மங்கிப்போகும். இங்க நேர் எதிர், ஐடில்ல தாங்குது, லோடு ஏற ஏற மோசம், அப்போ கேக்குற அளவுக்கு பெட்ரோல் வரல. ஒரு ரூபா செலவு இல்லாம, ஒரு பார்ட் கழட்டாம, சந்தேகம் டேங்க் பக்கம் போயிருச்சு.

அதுக்கப்புறம் பிரஷர் கேஜ். முதல்ல பம்ப் ஃப்யூஸ புடுங்கிட்டு எஞ்சின ஓட விட்டு அதுவா ஆஃப் ஆகுற வரைக்கும் விட்டார், லைன்ல பிரஷர் இல்லாம பண்ணிட்டு பேட்டரி நெகட்டிவ் கழட்டி, வெளியில திறந்த இடத்துல, பக்கத்துல தீயணைக்குற சிலிண்டர் வெச்சுட்டுதான் ஓஸ்ல கை வெச்சார். இந்த வேலைய வீட்டு பார்க்கிங்ல சாதாரணமா பண்ணிறலாம்னு யாரும் நினைக்காதீங்க. டி கனெக்ஷன் போட்டு நீள ஓஸ்ல கேஜ வைப்பர்ல கட்டி கண்ணாடிக்கு வெளியில தெரியுற மாதிரி வெச்சார். ஐடில்ல முள்ளு 2.9 பார். இந்த மாதிரி ரிட்டர்ன் லைன் இல்லாத சிஸ்டத்துல 3 பக்கம் நிக்கணும், அதனால ஐடில்ல பாத்து நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பியிருப்பாங்க. ஃப்ளைஓவர் ஏத்தத்துல மூணாவது கியர்ல ஃபுல்லா மிதிச்சப்ப முள்ளு மெல்ல இறங்குச்சு, 2.5, 2.2, 1.8, சரியா ஜெர்க் அடிக்குற நேரம் 1.7. சித்தப்பா ஓட்டிட்டே பாத்தார், ஒண்ணும் பேசல. ஆஃப் பண்ண உடனே முள்ளு நேரா கீழ, நான் ரிட்டர்ன் வால்வும் போச்சு.

பம்ப்தான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அண்ணன் இன்னொண்ணு பண்ணார், அதுக்காகவே அவர கும்பிடணும். பம்ப் கனெக்டர்ல வோல்டேஜ் பாத்தார். எஞ்சின் ஓடும்போது பேட்டரில 13.9 வோல்ட், பம்ப் கனெக்டர்ல 11.2. நடுவுல கிட்டத்தட்ட 2.7 வோல்ட் காணோம். தேடிப் பாத்தா பின் சீட் பக்கம் கார்பெட்டுக்கு அடியில எர்த் போல்ட் துரு புடிச்சு பச்சையும் பழுப்புமா இருக்கு, கனெக்டர்ல ஒரு பின் சூட்டுல பழுப்பாகி பிளாஸ்டிக் இளகி ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. வோல்டேஜ் கம்மியானா மோட்டார் வேகம் கம்மி, வேகம் கம்மியானா பெட்ரோல் கம்மி. இத சரி பண்ணாம புது பம்ப் போட்டிருந்தா அதுவும் அரைகுறையாதான் ஓடியிருக்கும், டூப்ளிகேட் பார்ட் கொடுத்துட்டாங்கன்னு ஜேசி ரோடு கடைக்காரர்கிட்ட போயி சண்டை போட்டிருப்போம்.

இந்த காருல பின் சீட்டுக்கு கீழ மூடி கிடையாது, டேங்க்கையே இறக்கணும். இறக்கி பம்ப் அசெம்பிளிய தூக்கினப்ப ஸ்ட்ரெய்னர் வெள்ளையா இருக்க வேண்டியது காபித்தூள் கலர்ல இருந்துச்சு, விரல்ல தேச்சா வழவழன்னு ஒரு படலம், அதுக்குள்ள துரு மணல் மாதிரி நெருடுது. டேங்க் அடியில மிச்சமிருந்த பெட்ரோல ஒரு கண்ணாடி பாட்டில்ல புடிச்சு வெச்சோம், கொஞ்ச நேரத்துல கீழ தனியா ஒரு அடுக்கு கட்டிருச்சு. தண்ணியும் எத்தனாலும் சேந்த அடுக்கு அது.

இங்க இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா ரெண்டு பக்கமும் கத்துறாங்க. இ20 பெட்ரோல அறிமுகப்படுத்தினதே 2023 பிப்ரவரி 6ஆம் தேதி, நம்ம பெங்களூர்ல நடந்த இந்தியா எனர்ஜி வீக்லதான், 2025க்குள்ள பங்க்ல சாதாரணமா கிடைக்குறதே அதுன்னு ஆயிருச்சு. எங்க வண்டி 2010, இ20க்குன்னு செஞ்ச ரப்பர் இல்ல, ட்யூனிங்கும் இல்ல. எத்தனால் காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், ஈரம் ஒரு அளவ தாண்டினா தண்ணியோட சேந்து கீழ தனியா பிரியும், பழைய டேங்க்ல வருஷக்கணக்கா ஒட்டியிருந்த படிவத்த கரைச்சு வலைக்கு அனுப்பும். இன்னொரு கணக்கும் இருக்கு. சுத்த பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 போதும். அதாவது அதே காத்துக்கு எத்தனால் கலந்த பெட்ரோல் கூடுதலா ஊத்தணும். இ20ல அது 13.5 சொச்சம், சுத்த பெட்ரோல விட 8, 9 சதவீதம் அதிகம், 10 சதவீதம் எத்தனால் கலந்த இ10ஐ விட 4 சதவீதம் போல அதிகம். அப்போ நல்லா இருக்குற பழைய வண்டியே ட்ரிம்ல ஒரு பங்கு இதுக்கே செலவழிச்சிருது, மிச்ச இடம்தான் மத்த கோளாறுக்கு. எங்க வண்டில அந்த மிச்ச இடத்த சோர்ந்து போன பம்ப்பும் துரு புடிச்ச எர்த்தும் அடைச்ச வலையும் சேந்து தின்னுருச்சு. இ20 மட்டும்தான் வண்டிய கெடுத்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், அந்த எர்த் போல்ட்டுக்கும் எத்தனாலுக்கும் சம்பந்தமே இல்ல. அதுக்காக அதால ஒண்ணுமே ஆகாதுன்னு சொல்றவங்க பேச்சையும் என்னால ஏத்துக்க முடியாது. நிதி ஆயோக் 2021ல போட்ட ரோட்மேப்லயே, சுத்த பெட்ரோலுக்கு டிசைன் பண்ணி இ10க்கு ட்யூன் பண்ண கார்ல இ20 போட்டா மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும்னு எழுதியிருக்கு. பழைய வண்டி வெச்சிருக்குறவங்க பெரும்பாலும் புதுசு வாங்க வசதி இல்லாதவங்க, அவங்களுக்கு பங்க்ல வேற சாய்ஸ் விலைக்கு ஏத்த மாதிரி இல்ல, இத பெரிய விஷயமாதான் நான் பாக்குறேன்.

பம்ப் அசெம்பிளி புதுசு, டேங்க் கழுவி காய வெச்சு மாட்டினது, ஓஸ் எல்லாம் எத்தனால் தாங்குற டைப்ல மாத்தினது, எர்த் சுரண்டி புது லக் அடிச்சது. வோல்டேஜ் 13.5க்கு வந்துருச்சு. ஏத்தத்துல பிரஷர் 2.9ல அசையாம நின்னுச்சு. பிக்கப் வந்துருச்சு. எல்லாரும் சந்தோஷமா வீட்டுக்கு போயிருக்கணும், ஆனா ஐடில்ல மட்டும் ஒரு தட்டு, டுக் டுக் டுக்குன்னு ஒரே தாளத்துல. "இன்னும் மிஸ்ஸிங் அடிக்குதேப்பா"ன்னார் சித்தப்பா. எமிஷன் டெஸ்ட்லயும் ஃபெயில், ஹைட்ரோகார்பன் எகிறி நிக்குது, கார்பன் மோனாக்ஸைடு கம்மியா இருக்கு. இந்த ஜோடிய கவனிங்க. பெட்ரோல் அதிகமா போயி ரிச்சா எரிஞ்சா மோனாக்ஸைடும் ஏறும். ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறினா பெட்ரோல் எரியாமலே வெளிய போகுது, ஏதோ ஒரு சிலிண்டர் வேல செய்யல.

கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டர் காத்த எவ்ளோ அழுத்துதுன்னு பாத்தார். முதல் சிலிண்டர் 165 பிஎஸ்ஐ, ரெண்டாவது 160, மூணாவது 90. மூணாவதுல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி, 95. பிஸ்டன் ரிங் தேஞ்சிருந்தா ஆயில் விட்டதும் நல்லாவே ஏறியிருக்கும், ஏறல, அப்போ மேல வால்வ் பக்கம். பிளக் ஓட்ட வழியா கம்ப்ரெசர் காத்து விட்டு காது வெச்சு கேட்டோம். ஆயில் மூடில சத்தம் வந்தா ரிங், த்ராட்டில்ல வந்தா இன்டேக் வால்வ், ரேடியேட்டர்ல குமிழ் வந்தா ஹெட் கேஸ்கெட். எங்களுக்கு சைலன்சர் வாயில உஸ்ஸ்னு வந்துச்சு. டேப்பெட் கேப், அதாவது வால்வுக்கும் அத அழுத்துற கேமுக்கும் நடுவுல விடுற இடைவெளிய பாத்தா, அந்த எக்ஸாஸ்ட் வால்வுக்கு கால் மில்லிமீட்டருக்கு மேல இருக்க வேண்டிய கேப், 0.05 மில்லிமீட்டர் அளவு பிளேட் கூட உள்ள போகல.

ஹெட் இறக்கினப்ப பாத்தத மறக்க மாட்டேன். வட்டமான வால்வ் ஓரத்துல ஒரு இடம் மட்டும் அரிச்சு எடுத்த மாதிரி நகக்கண் அளவு பள்ளம், அதச் சுத்தி வெளுத்த சாம்பல் கலர், வால்வ் உக்கார்ற சீட்லயும் அதே இடத்துல ஒரு கோடு. எக்ஸாஸ்ட் வால்வ் தன் சூட்ட இறக்குறது பெரும்பாலும் சீட்ல உக்காந்திருக்குற நேரத்துலதான். வருஷக்கணக்குல சீட் தேஞ்சு வால்வ் மேல ஏறி கேப் அடைச்சுருச்சு, இது தானா கேப் சரி பண்ணிக்குற ஹைட்ராலிக் டைப் இல்ல, பக்கெட் டேப்பெட், அளந்து மாத்தினாதான் உண்டு, யாரும் அளக்கல. முழுசா உக்காராத வால்வுக்கு சூடு இறங்க வழியில்ல. அது மேல லீன் கலவை. ஃபுல் லோடுல இசியு கொஞ்சம் ரிச்சா அடிக்குறதே உள்ள குளிர வெக்கத்தான், பிரஷரே இல்லாதப்ப அந்த கூடுதல் பெட்ரோல் எங்கிருந்து வரும், ஒவ்வொரு ஏத்தத்துலயும் எக்ஸாஸ்ட் சூடு ஏறிருக்கு. ரெண்டும் சேந்து அந்த ஓரத்த எரிச்சிருச்சு.

சரி, மூணு சிலிண்டருக்கும் ஒரே பிரஷர்தானே, மூணாவது மட்டும் ஏன்? இன்ஜெக்டர பெஞ்ச்ல போட்டு பாத்தோம், முதல் ரெண்டும் ட்யூப்ல சமமா நிக்குது, மூணாவது ஏழுல ஒரு பங்கு கம்மி, ஸ்ப்ரேயும் ஒரு பக்கமா பீய்ச்சுது. ஆக்ஸிஜன் சென்சார் மூணு சிலிண்டர் புகையும் கலந்த இடத்துல இருக்கு, அதுக்கு சராசரிதான் தெரியும். சராசரிய சரி பண்ணி பண்ணி இசியு திருப்தியா இருந்திருக்கு, மூணாவது தனியா காஞ்சிருக்கு. இதுக்கு சாட்சி டிக்கியிலேயே கிடந்துச்சு, முதல் ஒர்க்‌ஷாப்ல மாத்தின பழைய பிளக் மூணையும் சித்தப்பா கவர்ல போட்டு வெச்சிருந்தார், ரெண்டு வெளிர் பிரவுன், ஒண்ணு மட்டும் சுண்ணாம்பு வெள்ளையில பீங்கான்ல சின்ன சின்ன கொப்புளத்தோட. கழட்டின அன்னைக்கே அத வெளிச்சத்துல புடிச்சுப் பாத்திருந்தா அந்த வால்வ காப்பாத்த டைம் இருந்திருக்கும். புது பிளக் மாட்டுறதுக்கு காசு வாங்குறவங்க பழைய பிளக்க பாக்குறதையும் வேலையா நினைக்கணும்.

மூணாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வ் ரெண்டும் புதுசு, மத்ததுக்கு லேப்பிங் (தேச்சு சீட்ல பொருத்துறது), சீட் கட்டிங் லேத்ல, ஹெட் ஃபேசிங் (அடிப்பரப்ப சமமா சீவுறது) செக் பண்ணி தேவையில்லன்னு விட்டாங்க, கேஸ்கெட் செட், வால்வ் ஆயில் சீல், மூணாவது இன்ஜெக்டர் புதுசு, பக்கெட் அளவு பாத்து மாத்தி கேப் செட் பண்ணது. ஆயில்ல பெட்ரோல் வாசம் இருந்ததால அதயும் ஃபில்டரையும் மாத்தினோம். பம்ப் வேலையும் சேத்து முப்பதாயிரத்துக்கு மேல ஆச்சு. ஒரு லட்சம் கூட விலை போகாத வண்டிக்கு இது தேவையான்னு வீட்ல பேச்சு வந்துச்சு. சித்தப்பா ரிட்டயர் ஆனவர், அவர் பென்ஷன் கணக்குல புது கார் இஎம்ஐ வராது, பாடியில துரு கம்மி, மத்த ரெண்டு சிலிண்டர் கம்ப்ரெஷன் நல்லா இருக்கு, அதனால செஞ்சது சரின்னுதான் நான் சொல்வேன். பாடியே இத்துப்போன வண்டியா இருந்திருந்தா ஹெட் இறக்க விட்டிருக்க மாட்டேன்.

இப்போ மூணாவது சிலிண்டர் 162, ட்ரிம் ஐடில்ல +5, ஏத்தத்துல +6. எமிஷன் பாஸ், எஃப்சி முடிஞ்சு ஆர்சி அஞ்சு வருஷத்துக்கு ரெனியூ ஆயிருச்சு. டேங்க் பாதிக்கு கீழ இறங்காம சித்தப்பா பாத்துக்குறார். பாக்கி இருக்குறது ரெண்டு. மிஸ்ஃபயர்ல எரியாத பெட்ரோல் மாசக்கணக்கா, புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள போயிருக்கு, இப்போதைக்கு எக்ஸாஸ்ட் பேக் பிரஷர் நார்மல்தான், அதுக்குள்ள இருக்குற செங்கல் மாதிரியான கட்டி எவ்ளோ நாள் தாங்கும்னு அடுத்த எமிஷன் டெஸ்ட்ல தெரியும். அப்புறம் பத்தாயிரம் கிலோமீட்டர்ல டேப்பெட் கேப் மறுபடி அளக்கணும், மூணாவதுல கேப் அப்பவும் சுருங்கியிருந்தா சீட் மெட்டீரியலே போயிட்டு இருக்குன்னு அர்த்தம், புது சீட் இன்சர்ட் போட வேண்டி வரும்னு அண்ணன் இப்பவே சொல்லி வெச்சிருக்கார்.